முதலில் டேம்பரைக் கழற்று

நான் மூடிய பாட்டிலை எங்கள் வீட்டில் யாராலும் திறக்க முடியாது. குழாயை நான் மூடினால் அடுத்து வருகிறவர் என்னைத் திட்டிக்கொண்டேதான் திறப்பார். ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வெல்டிங்காரர் எனக்கு 'இறுக்கம்மா' என்று பேரே வைத்துவிட்டார். "என்ன இறுக்கம்மா, இந்த நட்டை நீங்க போட்டீங்களா? அப்ப இதைக் கழட்ட நாலு பேர் வேணுமே" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். கழன்று விழுவதைவிட இறுகிக் கிடப்பது எவ்வளவோ மேல் என்று இருபத்திரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தவள் நான். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு என் தம்பியை நானே கெடுத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

என் வேலை ரேஸ் பைக்குகள். இன்ஜினை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். வண்டி எப்படித் திரும்புகிறது, எப்படி நிற்கிறது, மேடு பள்ளத்தில் என்ன செய்கிறது, இதெல்லாம் என் பாடு. ஒரே ஷட்டர், உள்ளே மூன்று வண்டி நிற்க இடம், சுவரில் வரிசையாக ஸ்பானர்கள், மூலையில் டீ கெட்டில். ஷட்டரைத் தூக்கியதும் கண்ணில் படும்படி எதிர்ச் சுவரில் சிவப்புப் பெயின்டால் நானே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: 'முதலில் டேம்பரைக் கழற்று.'

டேம்பர் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆபீஸ் கதவுகளின் தலையில் ஒரு கை இருக்குமே, கதவு படாரென்று அடிக்காமல் மெல்ல மூட வைப்பதற்கு, அதே மாதிரிதான். ஒரு சாண் நீளக் குழாய், உள்ளே எண்ணெய். ஒரு முனை வண்டியின் உடம்பில், மறுமுனை ஹேண்டில் பக்கம். வேகத்தில் ஹேண்டில் இடமும் வலமும் உதற ஆரம்பித்தால் இது பிடித்து அடக்கும். அதில் ஒரு திருகு உண்டு. திருப்பத் திருப்ப 'கிளிக், கிளிக்' என்று எண்ணிச் சொல்லும். கிளிக் கூடினால் ஹேண்டில் கனக்கும்.

இதில் ஒரு வில்லங்கம். டேம்பர் உதறலை மட்டும் அடக்காது, வண்டியின் குறையையும் சேர்த்து அமுக்கி வைத்துவிடும். ஹேண்டில் சுழல்கிற கழுத்துக்குள் கோன் செட் இருக்கிறது. இரண்டு தட்டு, நடுவே இரும்பு உருண்டைகள். அது கெட்டுப்போனால் ஹேண்டில் நேராக வரும் இடத்தில் லேசாகச் சிக்கும். டேம்பர் மாட்டியிருக்கும்போது கையால் திருப்பிப் பார்த்தால் அந்தச் சிக்கல் தெரியவே தெரியாது. எல்லாம் வழவழவென்று இருப்பது போலத்தான் இருக்கும். அதனால் முதலில் டேம்பரைக் கழற்ற வேண்டும், முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும், பிறகு ஒற்றை விரலால் ஹேண்டிலைத் தள்ளிப் பார்க்க வேண்டும். வெல்டிங்காரர் ஒரு நாள் சும்மா வந்து ஒரு வண்டியின் ஹேண்டிலை ஆட்டிப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்றதற்கே, "சுவத்துல இவ்ளோ பெருசா எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன். மனிதர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

என் தம்பி என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். பதினெட்டு வயதிலிருந்து டிராக்கில் ஓட்டுகிறான். அங்கே எல்லோரும் அவனை 'வெண்ணெய்' என்றுதான் கூப்பிடுவார்கள். வளைவில் அப்படி வழுக்கிக்கொண்டு போவான். நானும் அதே பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன், ஆனால் நான் சொல்கிற வெண்ணெய் வேறு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் ஓட்டிய ஒவ்வொரு வண்டியையும் நான்தான் செட் செய்து கொடுத்தேன். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பது அவன் வாயில் ஊறிப்போன பேச்சு. அவன் கை ஒன்று சொல்லும், நான் வேறொன்று சொல்வேன், அவன் தன் கையை விட்டுவிட்டு என் பேச்சைத்தான் எடுத்துக்கொள்வான். ரொம்ப நாள் அதை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு இருபத்தொன்பது வயது முடிந்திருந்தபோது அந்த வாய்ப்பு வந்தது. பெரிய டீம் ஒன்றில் ஓட்டுகிறவன் ஒருவன் விலகிவிட்டான், அந்த இடத்துக்கு ஆள் தேடினார்கள். முப்பது வயதுக்கு மேல் புதிதாக யாரையும் எடுக்க மாட்டார்கள் என்பதால் இவனுக்கு இதுதான் கடைசி. ஞாயிற்றுக்கிழமை அவரவர் சொந்த வண்டியில் பதினைந்து சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும், டீம் மேனேஜர் நேரில் வந்து பார்ப்பார். வாரம் முழுக்க கொரியர் கம்பெனி வேனை ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் விழுந்து எழுந்து, பதினோரு வருடம் அவன் காத்திருந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, முன்னாடி ஏதோ சரியில்லக்கா. வளைவுக்குள்ள போறப்போ ஒரே வீச்சா திரும்ப மாட்டேங்குது. படி இறங்கற மாதிரி தடக்கு தடக்குன்னு திரும்புது. வெளிய வர்றப்போ தலையை வேற ஆட்டுது."

"ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சிருப்ப."

"இல்லக்கா, லூசாத்தான் பிடிச்சேன்."

"நீ லூசா பிடிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமையை நெனச்சு இப்பவே உதறல் எடுத்திருச்சு உனக்கு. அது கை வழியா வண்டிக்குப் போகுது."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு வாயைக் கொடுத்தான்.

"டிராக்ல அந்த டயர்க்காரர் பாத்தாருக்கா. கோன் செட் போயிருக்கும்னு சொன்னாரு."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோன் செட்டை நாலு மாதத்துக்கு முன்னால் போட்டதே நான்தான்.

"யாரு, காத்தடிக்கறவனா? அப்ப இனிமே அவன்கிட்டயே போ. கோன் செட்டு, பிரேக்கு, எல்லாத்தையும் அவனே பாக்கட்டும். நான் ஷட்டரை இழுத்து மூடிட்டு வீட்ல குப்புறப் படுத்துக்கறேன்."

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலக்கா. ஒரு தடவை கழட்டிப் பாத்துட்டா…"

"நான் போட்டது நாலு மாசத்துல போகுமா? பேசாம அந்தப் பக்கம் நில்லு."

அன்றைக்கு நான் டேம்பரைக் கழற்றவில்லை. பெட்ரோல் டேங்கைத் தூக்காமல் அந்த போல்ட்டில் கை நுழையாது, அதன் தலை வேறு போன முறை நான் இறுக்கிய இறுக்கில் தேய்ந்து போயிருந்தது. வெளியே சொல்லிக்கொள்ள இதெல்லாம் நல்ல காரணங்கள்தான். உண்மையான காரணம், கழற்றினால் அந்தக் காற்றடிக்கிறவன் சொன்னதை நான் மதித்தது போல ஆகிவிடும் என்பதுதான். சுவரில் நானே எழுதிய வரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, டேம்பரோடு சேர்த்தே ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பினேன். வழவழவென்று போனது.

"பாத்தியா? வெண்ணெய் மாதிரி இருக்கு, உன்னை மாதிரியே" என்றேன். திருகைப் பிடித்து நாலு கிளிக் ஏற்றினேன். "தலையாட்டல் நின்னுரும். மிச்சமெல்லாம் உன் கையிலதான் இருக்கு."

"சரிக்கா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். போகும்போது ஒரு தடவை ஹேண்டிலைத் தனியாக ஆட்டிப் பார்த்தான். நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் தார் கொதித்தது. நான்கு பேர் ஓட்ட வந்திருந்தார்கள். மேனேஜர் கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையில் பெயர்ப் பட்டியலோடு ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் சூடேற்ற ஐந்து சுற்று. மூன்றாவது வளைவில் தம்பி போக வேண்டிய கோட்டை விட்டு அகலமாக வெளியே போவதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த வளைவில் அவன் கண்ணை மூடிக்கொண்டு போகிறவன். ஐந்து சுற்று முடிந்து என் முன்னால் வந்து நின்று ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். முகமெல்லாம் வேர்வை.

"கனமா இருக்குக்கா. நான் ஒண்ணு சொன்னா வண்டி ஒண்ணு செய்யுது. கிளிக்கைக் குறைச்சிரலாமா? இல்லைன்னா டேம்பரையே கழட்டிரு, நான் அப்படியே போயிக்கறேன்."

"பைத்தியமாடா உனக்கு? குறைச்சா தலையாட்டும், நீ இன்னும் பயந்து மெதுவாப் போவ."

"நான் பயப்படலக்கா."

"பயப்படாதவன் எதுக்குடா இவ்ளோ அகலமாப் போற?"

அவன் கண்ணாடியை இறக்கிக்கொண்டான். நான் இன்னும் ஒரு கிளிக் ஏற்றிவிட்டு அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

பதினைந்து சுற்றும் எனக்குப் பதினைந்து மணி நேரமாகப் போனது. இரண்டு தடவை டிராக் ஓரத்து ஜல்லிக்குள் இறங்கி ஏறினான். பத்தாவது சுற்றிலிருந்து வளைவுக்கு முன்னாலேயே ஆக்ஸிலேட்டரை விட ஆரம்பித்தான், அந்தச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. நாலு பேரில் நாலாவது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து எங்களிடம் வந்தார்.

"போன மாசம் இவன் ஓட்டினதைப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன்" என்று என்னிடம் சொன்னார். "இன்னைக்கு ஓட்டினது அந்த ஆள் இல்லையேம்மா. வண்டியில ஏதாவது இருக்கா? சந்தேகமா இருந்தா சொல்லுங்க, ஒரு மணி நேரம் தர்றேன். கழட்டிப் பாருங்க, மறுபடியும் ஓட்டட்டும்."

ஒரு மணி நேரம். டேங்கைத் தூக்கி டேம்பரைக் கழற்ற எனக்குக் கால் மணி நேரம், போல்ட் தகராறு செய்தால் அரை மணி நேரம் போதும். ஆனால் மற்ற மூன்று பேரின் மெக்கானிக்குகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த டயர்க்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவர்கள் முன்னால் நான் என் வேலையைக் கழற்றிப் பார்ப்பதா?

"வண்டியில ஒண்ணுமே இல்ல சார்" என்றேன். "வண்டி கச்சிதமா இருக்கு, நான் கேரண்டி. இவன் கைதான் பயந்து போச்சு."

மேனேஜர் தம்பியைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்ற?"

அவன் கையுறையைப் பார்த்துக்கொண்டே நின்றான். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்றான்.

அவன் பேரை அடித்துவிட்டு மேனேஜர் அடுத்தவனிடம் போனார்.

வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் அவன் என்மேல் எரிந்து விழுவான் என்று எதிர்பார்த்தேன். விழுந்தால் திருப்பிக் கொடுக்க நாலு பேச்சுத் தயாராக வைத்திருந்தேன். அவனோ ஆச்சரியப்பட்ட மாதிரி, "எனக்கே தெரியாம எனக்குள்ள பயம் வந்து உக்காந்திருக்கு பாருக்கா" என்றான். "வயசாகுதுல்ல, போனாப் போகட்டும் விடு" என்றேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு மனசுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இவன் முழுசாக வீடு வந்து சேர வேண்டுமே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் பாருங்கள்.

அவன் வண்டியை என் ஒர்க்‌ஷாப் மூலையில் கொண்டுவந்து நிறுத்தி, துணியைப் போட்டு மூடினான். யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொன்னான். நான் யாரிடமும் சொல்லவில்லை, அவனும் அதன் பக்கம் வரவில்லை. இரண்டு மாதத்தில் கொரியர் வேனையும் விட்டுவிட்டு, உள்ளே பார்சல் பிரிக்கிற வேலைக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டான். வேன் ஓட்டும்போது கை வேர்க்கிறதாம். அப்புறம் ஸ்கூட்டர். அவன் பெண்டாட்டி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். முன்னெல்லாம் அவளை இவன்தான் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடுவான். இப்போது அவள் ஓட்ட, இவன் பின்னால் உட்கார்ந்து வந்தான்.

"என்ன வெண்ணெய், பதவி இறங்கிருச்சா?" என்று வெல்டிங்காரர் கிண்டல் செய்தார்.

"எனக்கு பயம் வந்திருச்சுண்ணே. அக்காவே சொல்லிருச்சு, அப்புறம் என்ன?" என்று இவனும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

இதை அவன் எல்லோரிடமும் சொன்னான். ஏதோ டாக்டர் எழுதிக் கொடுத்த நோய் மாதிரி, ஒளிக்காமல், கூச்சப்படாமல். கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கேயோ நெருடியது. ஆனாலும் நான் சொன்னது தப்பாக இருக்கும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

எட்டு மாதம் போனது. வாராவாரம் என்னிடம் வருகிற பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், வாரக் கடைசியில் மட்டும் ரேஸ் பைக் ஓட்டுவார். அவருடைய டேம்பரில் எண்ணெய் ஒழுகியது. புதுசு வர பத்து நாள் ஆகும், அவருக்கோ மறுநாளே வேண்டும். "இப்போதைக்கு ஒண்ணு மாட்டித் தர்றேன்" என்று சொல்லி, தம்பி வண்டியின் துணியை விலக்கினேன். ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, டேங்கை எடுத்து, அந்தத் தலை தேய்ந்த போல்ட்டோடு மல்லுக்கட்டினேன். முக்கால் மணி நேரம். விரல் தோல் உரிந்தது. "எந்தப் புண்ணியவான் இப்படி இறுக்கித் தொலைச்சான்!" என்று வாய்விட்டே திட்டினேன். புண்ணியவதி நான்தான்.

டேம்பரைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டு, டேங்கைத் திரும்ப மாட்டுவதற்காகக் கோணலாக நின்ற ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளினேன். பாதி தூரம் லேசாக வந்தது. நேராக வந்ததும் 'டொக்' என்று நின்றுவிட்டது.

மறுபடி தள்ளினேன். டொக். அந்தப் பக்கமிருந்து தள்ளினேன். அதே இடத்தில், டொக். பள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி அங்கேயே நின்றது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால்தான் தாண்டியது. படி இறங்குகிற மாதிரி தடக்கு தடக்கென்று திரும்புகிறது என்று அவன் சொன்னானே, அது என் விரல் நுனியில் இருந்தது.

பல் டாக்டரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரே என் கையெழுத்து சிவப்பாக நின்றது. அதைப் பார்க்க முடியாமல் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் நான் செய்த காரியங்களைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். முதல் நாள், யாருக்கும் தெரியாமல் புது கோன் செட் ஒன்றைப் போட்டு, பழையதைக் குப்பையில் எறிந்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? புது கோன் செட்டை வாங்கிக்கூட வந்துவிட்டேன். இரண்டாம் நாள் மேனேஜருக்குப் போன் செய்தேன். "தப்பு என் பேர்ல சார். அன்னைக்கு வண்டியிலதான் கோளாறு, நான்தான் பாக்காம சொல்லிட்டேன். இன்னொரு தடவை அவனை ஓட்டவிட்டுப் பாருங்க" என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை. "அன்னைக்கு ஒரு மணி நேரம் தர்றேன்னு சொன்னேனேம்மா" என்றார். "அந்த இடம் அன்னைக்கே போயாச்சு. இவனுக்கும் இப்ப முப்பது முடிஞ்சிருக்குமே."

மூன்றாம் நாள் சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டேன். பெண்டாட்டியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினான். துணி இல்லாமல் நிற்கும் வண்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"யாராவது கேட்டாங்களாக்கா?"

"இல்லடா. இங்க வா. ஹேண்டிலை ஒரு விரலால தள்ளிப் பாரு."

"எனக்கு வேண்டாம்க்கா."

"தள்ளிப் பாருடா, கொஞ்சம்."

என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வந்து, ஆள்காட்டி விரலால் ஹேண்டிலைத் தள்ளினான். டொக். அவன் விரல் அப்படியே நின்றது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தள்ளினான். ஆறேழு தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளினான்.

"இங்கதான்க்கா" என்றான். "இதோ, இங்கதான். இதைத்தான் சொன்னேன்."

"ஆமாடா. இதைத்தான் சொன்ன."

"இது அன்னைக்கே இருந்துச்சா?"

"இருந்துச்சு. நான்தான் டேம்பரைக் கழட்டாமலே பாத்தேன். கழட்டக் கூடாதுங்கற வீம்புல கழட்டல. அந்த ஆளு ஒரு மணி நேரம் தர்றேன்னு சொன்னப்பவும் கழட்டல."

அவன் கண்ணைத் திறந்தான். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்.

"அப்ப நான் அன்னைக்கு பயப்படலையாக்கா?"

"இல்லடா. நீ பயப்படவே இல்ல." இருபத்திரண்டு வருடமாக இந்த ஷட்டருக்குள் நான் அழுததில்லை, அன்றைக்கு அழுதேன்.

அவன் பெண்டாட்டி அதுவரை ஸ்கூட்டர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். "ஸ்கூட்டர்ல பின்னாடி ஒரு கம்பி இருக்கும்ல அண்ணி" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "அதை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுத்தான் வர்றாரு. நான் முப்பதுக்கு மேல போனா நிறுத்தச் சொல்றாரு. நான் கிண்டல் பண்ணிச் சிரிப்பேன் அண்ணி." அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவன் முன்னாலேயே எல்லாவற்றையும் கழற்றினேன். கோன் செட்டின் தட்டைத் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். உருண்டைகள் உட்கார்ந்த இடமெல்லாம் வரிசையாகக் குழி. அளவுக்கு மேல் இறுக்கினால் மட்டும்தான் நாலே மாதத்தில் இப்படிக் குழி விழும். இறுக்க வேண்டிய அளவு வந்ததும் டார்க் ரென்ச் 'டக்' என்று சொன்ன பிறகும், நம்பாமல் கையால் இன்னொரு இழுப்பு இழுக்கிற புத்தி எனக்கு. அதையும் சொன்னேன். அவன் ஒவ்வொரு குழியாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டான்.

புது கோன் செட்டைப் போட்டேன். இந்தத் தடவை ரென்ச் 'டக்' என்றதும் கையை எடுத்துவிட்டேன். டேங்கை மட்டும் திரும்ப மாட்டினேன், டேம்பரை மாட்டவே இல்லை. அவன் ஒரு விரலால் ஹேண்டிலைத் தள்ளினான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, சிக்காமல், தானாகப் போய் நின்றது. அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்துக்கு அப்புறம் பார்க்கிறேன், அசல் சிரிப்பு. "வெண்ணெய்டா" என்றேன். "நீதான்க்கா வெண்ணெய்" என்றான். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

"தெருமுனை வரைக்கும் போயிட்டு வாடா. இருபதுலயே போ, போதும்."

அவன் பெண்டாட்டியின் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்தான். கிளட்சைப் பிடித்து கியரைப் போட்டான். நான் வழியை விட்டு ஒதுங்கி நின்றேன். வெல்டிங்காரர்கூட வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

வண்டி நகரவில்லை. கிளட்சைப் பிடித்திருந்த இடது கை விரல்கள் நாலும் நடுங்குவதை நான் பார்த்தேன். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு சாவியைத் திருப்பி நிறுத்தினான். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அன்னைக்கு இல்லக்கா" என்றான். "இப்ப இருக்கு."

"போகப் போகச் சரியாயிரும்டா" என்றேன் அவசர அவசரமாக. "நாளைக்கு வா. தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஓட்டிப் பாரு, எல்லாம் சரியாயிரும்."

அவன் தலையை ஆட்டினான். "நீ சொன்னா…" என்று பழக்கத்தில் ஆரம்பித்தான். மிச்சத்தைச் சொல்லவில்லை.

நான் காத்துக்கொண்டு நின்றேன். அவன் ஹெல்மெட்டைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறினான். பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட பிறகு அவள் வண்டியை எடுத்தாள்.